கல்யாணத்துக்குள் கிளிப்பைக் கழற்ற பி.ஆர்.பி. ஊசி உதவுமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு 24 வயது. முன்பற்கள் நெருக்கமாகவும் கொஞ்சம் எத்தியும் இருந்ததால் ஏழு மாதத்துக்கு முன் கிளிப் போட்டோம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பல் எடுத்தார்கள். மொத்தம் இரண்டு வருடம் ஆகும் என்று அப்போதே சொன்னார்கள். இப்போது நல்ல இடம் அமைந்து, தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும், கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலுள்ள பிளேட்லெட்டைப் பிரித்து ஈறில் ஊசியாகப் போட்டால் பல் வேகமாக நகரும், பாதி நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். மாதம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 6,000 ரூபாய். பணம்கூடப் பரவாயில்லை. ரத்தம், ஊசி என்றதும் பயமாக இருக்கிறது. பின்னால் பல் ஆடுமா? பிள்ளைப்பேற்றில் ஏதும் தொந்தரவு வருமா? மகளோ, “கிளிப்போடவே கல்யாணம் பண்ணிக்கிறேன், ஊசி வேண்டாம்” என்கிறாள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தை மாதத்துக்குள் உங்கள் மகளின் சிகிச்சை முழுதாக முடியாது. ஊசி போட்டாலும் முடியாது. நான்கு பல் எடுத்து ஏழு மாதம் ஆன ஒருவருக்கு, அடுத்த ஐந்தே மாதத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துக் கிளிப்பைக் கழற்றலாம் என்று என் சொந்த மகளுக்குக்கூட நான் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்தன்று அவள் வாய்நிறையச் சிரிக்க வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைப்பேறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. அவளுடைய ரத்தத்தைச் சிறு குழாய் அளவு எடுத்து, அதில் ஒரு பகுதியை அவளுக்கே திரும்பப் போடுகிறார்கள். அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பிளேட்லெட் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டெங்கு வந்த வீட்டில் ‘கவுண்ட் எவ்வளவு?’ என்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. காயம் பட்ட இடத்துக்கு ஓடிப்போய் ரத்தத்தை உறையவைப்பது அதன் வேலை என்பதும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. ஒவ்வொரு பிளேட்லெட்டுக்குள்ளும் வளர்ச்சிக் காரணிகள் என்று நாங்கள் சொல்லும் புரதங்கள் பொட்டலம் பொட்டலமாக இருக்கின்றன. ரத்தம் உறையும்போது அவை வெளியே கொட்டி, சுற்றியுள்ள செல்களைக் கூப்பிட்டு, புண் ஆற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும்.

அப்படியானால் இந்தப் பிளேட்லெட்டை மட்டும் திரட்டி, வேண்டிய இடத்தில் வைத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் பி.ஆர்.பி., அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா. இதைத் தாடை எலும்புக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ். தாடையில் எலும்பு ஒட்டு வைக்கும்போது பி.ஆர்.பி. சேர்த்தால் எலும்பு சீக்கிரம் முதிர்கிறது என்று 1998-ல் அவரும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள். 2001-ல் பிரான்சில் ஜோசப் ஷுக்ரூன் இதை இன்னும் எளிதாக்கினார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், இயந்திரத்தில் ஒரே முறை சுழற்றிப் பிரித்தெடுத்தார். அது கூழ் மாதிரி உறைந்து கிடைக்கும். அதன் பெயர் பி.ஆர்.எஃப். பின்னர் வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 700 சுற்று வீதம் மூன்றே நிமிடம் சுற்றினால் உறையாத நிலையில் ஊசியில் ஏற்றும்படி கிடைக்கிறது என்று கண்டார்கள். அதை ஐ-பி.ஆர்.எஃப். என்பார்கள். எடுத்த சில நிமிடங்களுக்குள் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் குழாயிலேயே உறைந்துவிடும். உங்கள் மகளுக்குச் சொன்னது இவற்றில் எது என்று கேளுங்கள். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் பி.ஆர்.பி. என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உடம்பில் அவை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பி.ஆர்.பி.யைக் கால்சியம் சேர்த்துத் தூண்டிவிட்டால், உள்ளே இருக்கும் சரக்கில் பெரும்பகுதியை முதல் ஒரு மணி நேரத்திலேயே கொட்டிவிடும். பி.ஆர்.எஃப். ஒரு வாரம், பத்து நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

ஆறாத புண், எலும்பு ஒட்டு, ஈறு அறுவை என்று வாய்க்குள் இதற்கு நல்ல பயன்கள் இருக்கின்றன. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பல்லை நகர்த்துவது வேறு வகையான வேலை.

கல்யாண வீடு என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பந்தக்கால் நட்ட பிறகு ஓர் அடி தள்ளி வேண்டும் என்றால் பிடுங்கி நட்டுவிடலாம். பல்லை அப்படிச் செய்ய முடியாது. அது நின்ற நிலையிலேயே, தன் குழியோடு சேர்ந்து நகர வேண்டும். எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து எலும்புச் சுவரைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். எந்தப் பக்கத்தை விட்டு வருகிறதோ அங்கே புது எலும்பைப் போட்டு நிரப்ப வேண்டும். வெட்டுகிற வேலையைச் செய்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள். நிரப்புபவை ஆஸ்டியோபிளாஸ்ட். கம்பியும் ரப்பரும் எலும்பைத் தொடுவதே இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டரே தடிமன் உள்ள ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி அதை மெல்ல அழுத்தும். அழுத்தம் பட்ட செய்தி போனதும் இந்த ஆட்கள் வேலைக்கு வருவார்கள். பல் எடுத்த இடைவெளியை மூடும் கட்டத்தில் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம்.

இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சீக்கிரம் போகாதா என்று பல பெற்றோர் கேட்பார்கள். போகாது. அந்தச் சவ்வுக்குள் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை நசுக்காத அளவுக்குத்தான் விசை இருக்க வேண்டும் என்று 1932-லேயே ஷ்வார்ட்ஸ் என்ற பல் சீரமைப்பு நிபுணர் சொல்லிவிட்டார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் அழுத்தினால் அந்த இடத்துச் சவ்வு ரத்தம் இல்லாமல் செத்துவிடும். செத்த இடத்தில் எந்தச் செல்லும் நின்று வேலை செய்யாது. பின்பக்க எலும்பிலிருந்து குடைந்துகொண்டுதான் வர வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். அத்தனை நாளும் பல் அசையாமல் நிற்கும், வலி மட்டும் இருக்கும். வேர் நுனி கரையும் ஆபத்தும் கூடும். அவசரப்பட்டு இறுக்கச் சொல்லாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதனால்தான்.

சரி, பிளேட்லெட் இதில் எங்கே வருகிறது? எலும்பு வெட்டுவதும் நிரப்புவதும் ஆகிய இரண்டையும் சேர்த்து முடுக்கிவிட்டால் பல் விரைவாக நகரும் என்பது எதிர்பார்ப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. அறுவை சிகிச்சை நிபுணர்கள் இதே பொருளை எலும்பு சீக்கிரம் கெட்டியாவதற்காக வைக்கிறார்கள். எங்களுக்கோ பல் போகும் வழியில் எலும்பு இளகிக் கொடுக்க வேண்டும். ஒரே மருந்து ஓரிடத்தில் கெட்டியாக்கவும் இன்னோரிடத்தில் இளக்கவும் செய்யுமா? எலிகளில் செய்த ஓர் ஆய்வில், பி.ஆர்.பி. போட்ட இடத்தில் எலும்பின் அடர்த்தி குறைந்து பல் கூடுதலாக நகர்ந்தது. 2016-ல் தைவானின் சாங் குங் நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த எரிக் லியூ, தம் நோயாளிகளின் ஈறுக்கடியில் பி.ஆர்.பி. செலுத்தியதில் வேகமும் கூடியது, அழுத்தப் பக்கத்து எலும்பும் காப்பாற்றப்பட்டது என்று எழுதினார். இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. ‘பாதி நாளில் முடியும்’ என்ற பேச்சு இது போன்ற ஆரம்பகால அறிக்கைகளின் உற்சாகத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு, ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கம் ஊசி போட்டும் மறுபக்கம் போடாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேர்மையான முறை இதுதான். பெரும்பாலும் கோரைப்பல்லை, அதாவது நாம் சிங்கப்பல் என்று சொல்வதை, பல் எடுத்த இடைவெளிக்குள் பின்னுக்கு இழுக்கும்போது அளந்தார்கள். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் 16 பெண்களிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வை நான் என் மாணவர்களிடம் எப்போதும் காட்டுவேன். மூன்று வார இடைவெளியில் மூன்று முறை பி.ஆர்.பி. போட்டார்கள். முதல் இரண்டு மாதம் ஊசி போட்ட பக்கம் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. ஊசியை நிறுத்திய மூன்றாவது மாதம் அதே பக்கம் மற்றப் பக்கத்தைவிட மெதுவாகிவிட்டது. ஓடிப்போய் முன்னால் நின்றவர் மூச்சு வாங்கி உட்கார, பின்னால் நடந்து வந்தவர் சேர்ந்துகொண்ட கதை.

டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் 21 பேரிடம் ஐ-பி.ஆர்.எஃப். போட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது மாதத்தில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது, மொத்தத்தில் இல்லை. துருக்கியில் 20 பேரிடம் செய்ததில் ஊசிப் பக்கம் தெளிவாகவே வேகம் கூடியது. இந்த இரண்டும் 2021-ல் வந்தவை. ஈரானில் பல் எடுத்த குழியில் பி.ஆர்.எஃப். கூழை வைத்தபோது வேகம் கூடியது. அங்கே ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர். அதே மாதிரி குழியில் வைத்துப் பார்த்து 2020-ல் வந்த வேறோர் ஆய்வில், வைத்த பக்கம்தான் மெதுவாக நகர்ந்தது. குழி சீக்கிரம் நல்ல எலும்பால் நிறைந்துவிட்டால், அந்த எலும்பைத் துளைத்துக்கொண்டு பல் போக நேரம் பிடிக்கத்தானே செய்யும்? நான் மேலே சொன்ன முடிச்சு இங்கே நேராகவே தெரிகிறது.

ஆகவே, ஊசியால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு, சில வாரங்கள், கொஞ்சம் வேகம் கூடுகிறது. ஆனால் எந்த அளவு செறிவு, எத்தனை முறை, எந்த இடத்தில் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் செய்திருக்கிறார்கள். எல்லாம் இருபது பேர் அளவிலோ அதைவிடக் குறைவாகவோ நடந்த ஆய்வுகள். பெரும்பாலும் சில மாதங்களுக்கு, ஒரு பல்லின் நகர்வைத்தான் அளந்தார்கள். உங்களுக்கு வேண்டிய பதில் கிளிப் எப்போது கழறும் என்பது. அதை இந்த ஆய்வுகள் அளக்கவே இல்லை.

இப்போது உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடுத்த ஒவ்வொரு பல்லும் சுமார் ஏழு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நெருக்கத்தைப் பிரித்து வரிசைக்குக் கொண்டுவருவதில் அந்த இடத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். ஏழு மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கட்டம் அநேகமாக முடிந்திருக்கும். மீதி ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு மில்லிமீட்டர் வீதம் ஐந்து மாதம். ஊசியால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுகிறது, அது கடைசிவரை குறையாமல் நிற்கிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், ஐந்து மாத வேலை நாலு மாதத்துக்குச் சற்று முன்பு முடியும். மிச்சமாவது ஒரு மாதமும் சில நாட்களும். அதற்குப் பின் மேல்பற்களும் கீழ்ப்பற்களும் கடிக்கும்போது பொருந்தும்படி சரி செய்வது, வேர்களை நேராக நிறுத்துவது என்று நாங்கள் ஃபினிஷிங் என்று சொல்லும் வேலை நாலைந்து மாதம் இருக்கிறது. அந்த வேலைக்கு வேகம் உதவாது. ஒரு பல்லை அரை மில்லிமீட்டர் திருப்பி, ஒரு மாதம் பொறுத்து, சரியா என்று பார்த்துச் செய்கிற வேலை அது. இரண்டு வருடச் சிகிச்சையில் ஒரு மாதம் மிச்சம், அதற்கு ஐந்து முறை ரத்தம் எடுத்து, அண்ணத்திலும் ஈறிலும் ஊசி வாங்கி, 30,000 ரூபாய். அண்ணத்தில் ஊசி எப்படி வலிக்கும் என்று பல் எடுத்தபோதே உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

வேகத்தைப் பற்றி எனக்கு இருக்கும் பயம் இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவளுக்கும் உங்கள் மகள் வயதுதான், அவளுக்கும் கல்யாண அவசரம். வேறோர் இடத்தில் மெல்லிய கம்பியிலேயே வைத்து, பவர் செயின் என்னும் ரப்பர் சங்கிலியை இறுக்கி இழுத்திருந்தார்கள். இடைவெளி மூடியிருந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. எக்ஸ்-ரே எடுத்தால் கோரைப்பல்லின் தலை மட்டும் பின்னுக்குச் சாய்ந்திருக்க, வேர் பழைய இடத்திலேயே நின்றது. அந்த நிலையில் கிளிப்பைக் கழற்றியிருந்தால் சில மாதங்களில் இடைவெளி திறந்துகொண்டிருக்கும். வேரைக் கொண்டுவந்து நிறுத்த எனக்கு எட்டு மாதம் ஆனது. அவள் அழுத அழுகை இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் யாராவது ‘இடைவெளி மூடிவிட்டது, கழற்றிவிடலாம்’ என்று சொன்னால், வேர் எப்படி நிற்கிறது என்று எக்ஸ்-ரேயில் காட்டச் சொல்லுங்கள்.

பின்னால் பல் ஆடுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊசியால் பல் நிரந்தரமாக ஆடிப்போனதாக நான் படித்ததில்லை, பார்த்ததும் இல்லை. அவளுடைய சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைக்கும் வாய்ப்புக் குறைவு. ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாள் வீங்கி வலிக்கலாம்.

ஆபத்து வருவது பொருளால் இல்லை, கையாளும் முறையால். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் அழகு நிலையத்தில், முகப்பொலிவுக்காக இதே பி.ஆர்.பி.யைப் போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018-ல் அதை மூடினார்கள். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் இதை விரிவாக வெளியிட்டது. அவரவர் ரத்தம்தான், ஆனால் ஒரு முறை பயன்படுத்தி எறிய வேண்டியதை மறுபடி பயன்படுத்தினார்கள், பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் கிடந்தன. ஊசியைப் பற்றி உங்களுக்கு இருந்த பயம் வீண் பயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். யார் எங்கே போட்டாலும், குழாயும் ஊசியும் உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். குழாயில் அவள் பெயரை எழுத வேண்டும். அவள் அங்கே இருக்கும்போதே சுற்றி, அவளுக்கே போட்டு, மீதியை அழித்துவிட வேண்டும். ரத்தம் எடுப்பவர் பயிற்சி பெற்றவரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

பிளேட்லெட் குறைபாடு இருப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தசோகை அதிகம் உள்ளவர்கள், அண்மையில் டெங்கு வந்து தேறியவர்கள், ஈறு வீங்கி ரத்தம் கசிபவர்கள் ஆகியோருக்கு இதை நான் செய்யவே மாட்டேன். உங்கள் மகளுக்கு இதில் எதுவும் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். இதை ஆய்வாகச் செய்கிறார்களா, சிகிச்சையாகவா? பல் மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் படிப்பு மாணவர்கள் இதை ஆய்வுக்கு எடுப்பது உண்டு. நல்ல விஷயம்தான், அப்படித்தான் உண்மை தெரியவரும். ஆனால் ஆய்வு என்றால் அறநெறிக் குழுவின் அனுமதி இருக்கும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடத் தமிழில் படிவம் கொடுப்பார்கள், ஆய்வுக்காகச் செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே அப்படிச் சொல்கிறது.

உங்கள் டாக்டரை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணத் தேதியோடு பெற்றோர் வந்து நின்றால் எங்கள் எல்லாருக்குமே மனசு இளகும். ஏதாவது செய்து உதவ முடியுமா என்றுதான் தோன்றும். அவரிடமே போய், “ஊசி வேண்டாம், ஆனால் தைக்கு எந்த அளவு கொண்டுவர முடியும் என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும்.

என்னிடம் வந்திருந்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் உங்கள் மகளிடம் தனியாகப் பேசுவேன். 24 வயதுப் பெண். ஊசி அவள் வாயில் போடுவது, சம்மதமும் அவளுடையது. அவள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். ‘கிளிப்போடவே கல்யாணம்’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அவளுக்கு அது இருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதீர்கள். கிளிப்போடு மணமேடையில் உட்கார்ந்த பெண்களின் போட்டோக்களை என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர் காட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் பார்க்க வந்தபோதே கிளிப் தெரிந்திருக்கும் இல்லையா? அவர்கள் சம்மதித்த பிறகு மற்றவர்கள் பேச என்ன இருக்கிறது?

அப்புறம் வேலை. இந்த ஐந்து மாதத்தில் மேல்வரிசை முன்பற்களின் ஒழுங்குக்கு முதலிடம் கொடுப்பேன். சிரிக்கும்போது தெரிவது அதுதான். பின்னால் மீதமிருக்கும் இடைவெளி யார் கண்ணிலும் படாது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, மேல்முன்பற்கள் ஆறிலிருந்தும் பிராக்கெட்டை, அதாவது கம்பியைப் பிடித்திருக்கப் பல்லில் ஒட்டிய சிறு துண்டை, எடுத்துவிட்டு, சுத்தம் செய்து, பற்கள் நகராமல் இருக்க ஒரு மெல்லிய கண்ணாடி போன்ற தட்டைக் கொடுத்துவிடலாம். முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு எல்லாம் முடிந்து வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் செலவு கொஞ்சம் ஆகும், ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அது வேண்டாம் என்றால் அந்த ஆறு பல்லுக்கு மட்டும் பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் பிராக்கெட் மாற்றலாம். போட்டோவில் தெரியாத அளவுக்கு இருக்கும். இரண்டையும் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பல் சீரமைப்பு மருத்துவரான எல்லா ஆர்த்தோடான்டிஸ்டும் செய்துகொடுக்கக்கூடியதுதான்.

வேகம் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே கிடைக்கும் வேகம் ஒன்று இருக்கிறது. கல்யாண வேலையில் ஜவுளி எடுக்கப் போனோம், பத்திரிகை வைக்கப் போனோம் என்று ஒரு அப்பாயின்ட்மென்டைத் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். விருந்துக்குப் போன இடத்தில் முறுக்கும் கடலை உருண்டையும் கடித்து ஒரு பிராக்கெட் தெறித்தால், அந்தப் பல் சில வாரம் பின்னோக்கிப் போகும். அதை மறுபடி கொண்டுவர இன்னும் சில வாரம். ஐந்து ஊசியில் கிடைக்கும் லாபத்தை ஒரு கடலை மிட்டாய் தின்றுவிடும். இதை எல்லா நோயாளிகளிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் உண்மையிலேயே சீக்கிரம் முடிக்கிறார்கள்.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். கம்பி மாற்றிய அன்று வலித்தால் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் கலந்த மாத்திரைகளை நாள் கணக்கில் சாப்பிட வேண்டாம். பல் நகர உடம்பு சுரக்கும் சில பொருட்களை அது தடுக்கும். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் பல் நகர்வு குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். எப்போதோ ஒன்று சாப்பிட்டால் கெடுதல் இல்லை.

கிளிப் கழற்றிய பிறகு, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் போடுவது பற்றி இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள். பல்லைச் சுற்றியுள்ள சவ்வு புதிய இடத்துக்குப் பழக மூன்று நாலு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் ரப்பர் போன்ற நார்கள் பழைய இடத்துக்கே இழுப்பதை நிறுத்த ஒரு வருடம்கூட ஆகலாம். ஊசி போட்டு நகர்த்தினாலும் சும்மா நகர்த்தினாலும் இந்தக் காலம் குறைவதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் எந்த ஊரில் இருப்பாள் என்று எழுதவில்லை. ஈரோட்டிலேயே என்றால் கவலை இல்லை. வேறு ஊர் என்றால், இப்போதே உங்கள் டாக்டரிடம் பேசி, சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த பல் அச்சு, எக்ஸ்-ரே, போட்டோ, போட்டிருக்கும் பிராக்கெட் என்ன வகை, இப்போது எந்தக் கம்பி ஓடுகிறது, இதுவரை எவ்வளவு பணம் கட்டியிருக்கிறீர்கள் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவை கையில் இருந்தால் புது ஊரில் இருக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இல்லாவிட்டால் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். சீர்வரிசைப் பட்டியலில் இந்தத் தாளையும் சேர்த்துவிடுங்கள். மகளுக்கு என் வாழ்த்துகள்.